லேமினேஷன் போட்ட அட்டையோடு பீன்யா வரை

பயண அட்டையோடு தரப்படும் சிறு கையேட்டில் ஏழாம் பிரிவு, மூன்றாம் உட்பிரிவு என்று ஒன்று உண்டு. அட்டையை எந்த ஊரில் வாங்கியிருந்தாலும் சரி, இவ்வகை அட்டையை ஏற்கும் எல்லா ஊர்களின் மெட்ரோ வாயில்களிலும் பேருந்துகளிலும் அது செல்லும் என்பது அதன் சாரம். முன்கூட்டியே பணம் ஏற்றிக்கொள்ள வேண்டும், வாயிலில் அட்டையைக் காட்ட வேண்டும், கதவு திறக்கும். சென்னைக்கு ஒன்று, பெங்களூருக்கு ஒன்று, மும்பைக்கு ஒன்று என்று சட்டைப்பையில் அடுக்க வேண்டியதில்லை. அரசு அலுவலகத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் விதிகளைப் படித்து, படித்ததைப் பிறருக்கு எடுத்துச் சொல்லி, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். ஒரு விதி இவ்வளவு தெளிவாக இருந்தால் வழக்கமாக எனக்குச் சந்தேகம் வரும். இந்த முறை வரவில்லை.

பயணம் என்னுடையது அல்ல. எங்கள் தெருவில் நான்கு வீடு தள்ளிக் குடியிருக்கும் ஸ்டெல்லா மேரியுடையது. விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் அவளும் அவள் கணவர் அந்தோணிசாமியும் ஒரு சிறிய பட்டறை நடத்துகிறார்கள். பீங்கான் ஃப்யூஸ் கட்டைகள் செய்கிறார்கள். சூளை குத்தகைக்கு எடுத்தது. வேலையாட்கள் எட்டுப் பேர். சென்னை அசோக் நகரில் உள்ள ஒரு மின்சாதன நிறுவனம் இரண்டு ஆண்டுகளுக்குத் தொடர்ந்து கட்டைகள் வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. நிபந்தனை ஒன்றுதான். பெங்களூர் பீன்யாவில் இருக்கும் பரிசோதனைக் கூடத்தில் மாதிரிகளைக் கொடுத்து, அவை மின்னழுத்தத்தைத் தாங்கும் என்ற அறிக்கையை ஏப்ரல் இருபதாம் தேதிக்குள் காட்ட வேண்டும். மாதிரி கொடுக்க அவர்களுக்கு ஒதுக்கப்பட்ட நாள் மார்ச் 24, செவ்வாய்க்கிழமை, பகல் ஒரு மணிக்குள். அதை விட்டால் அடுத்த நாள் ஜூனில்தான். ஜூன் வரை நிறுவனம் காத்திருக்காது. நிறுவனம் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டால் மே மாதம் சூளையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

அந்தோணிசாமியால் நகர முடியாது. அந்த வாரம் சூளை எரிந்துகொண்டிருந்தது. ஸ்டெல்லா மேரி தூரமென்று போனது வேளாங்கண்ணிக்கு மட்டும்தான், அதுவும் எதிர்த்திசை. எனவே ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

“சார், நீங்க கூட வந்தீங்கன்னா தைரியமா இருக்கும். ஃபாரம், சீலு, கையெழுத்து எல்லாம் எனக்கு ஒண்ணும் வெளங்க மாட்டேங்குது.”

“போயிட்டு வாங்களேன். வூட்டுல ஒக்காந்து பேப்பர்காரன் மேல குத்தம் கண்டுபிடிக்கிறதுக்கு அது தேவலாம்” என்றாள் என் மனைவி.

பயண அட்டையை நான் சென்னையில் போன தீபாவளிக்கு வாங்கியிருந்தேன். ஊருக்கு வந்ததும் செய்ய வேண்டியதைச் செய்தேன். விருத்தாசலத்தில் ஓர் ஆவணம் கைக்கு வந்தால் முதல் வேலை அதை லேமினேஷன் போடுவது. ரேஷன் கார்டு, ஓய்வூதியப் புத்தகத்தின் முதல் பக்கம், ஞானஸ்நானச் சான்று, நிலப்பட்டா, கரும்பு ஆலையின் வெட்டு உத்தரவு, எல்லாம் பளபளவென்று விறைப்பாக இருக்கும். தாலுகா அலுவலகத்துக்கு எதிர்க்கடையில் முப்பது ரூபாய் கொடுத்தேன். கடைக்காரர் அட்டையைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, சுற்றிலும் அரை விரல் அகலத்துக்கு ஓரம் விட்டு, சூடான உருளைக்குள் தள்ளி எடுத்துக் கொடுத்தார்.

“இன்னும் பத்து வருஷத்துக்கு இதுக்கு ஒண்ணும் ஆவாது சார். தண்ணியில போட்டாலும் மெதக்கும்.”

மிதக்கும் அட்டையால் என்ன பயன் என்று அன்று நான் கேட்கவில்லை.

மார்ச் 23, திங்கள், காலை 7.10. விருத்தாசலம் சந்திப்பு. சென்னை எழும்பூருக்கு இருநூற்றுப் பதின்மூன்று கிலோமீட்டர்; உட்கார்ந்து போகும் முன்பதிவு இருக்கை நூற்றுப் பத்து ரூபாய். ஸ்டெல்லா மேரி ஓர் அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். உள்ளே பன்னிரண்டு ஜோடி ஃப்யூஸ் கட்டை, ஒவ்வொன்றும் செய்தித்தாளில் சுற்றி, இடைவெளிகளில் வைக்கோல் அடைத்து. ஆறு கிலோ இருக்கும். மேலே வைக்கலாமே என்றேன்.

“மேல வச்சா இன்னொருத்தன் அதுமேல சூட்கேஸ வைப்பான். இது என் மடியிலயே இருக்கட்டும் சார். எம் பசங்க ரெண்டும் இப்பிடித்தான் வந்துதுங்க, சொமந்தா பழகிப் போவும்.”

என் மடியில் கோப்பு. விண்ணப்பப் படிவம், அதன் மூன்று நகல்கள், பட்டறையின் பதிவுச் சான்று (லேமினேஷன் போட்டது), நிறுவனத்தின் கடிதம். அந்தப் படிவத்தில் வாங்கும் நிறுவனம் முத்திரை வைத்துக் கையெழுத்திட வேண்டும். அதற்காகத்தான் நேராகச் சேலம் வழியாகப் போகாமல் சென்னையைச் சுற்றிக்கொண்டு போனோம்.

எழும்பூரில் இறங்கி, சுரங்கப் பாதை வழியாக மெட்ரோவுக்கு நடந்தோம். பைகளைச் சோதிக்கும் இயந்திரத்தில் பெட்டி போனதும் காவலர் திரையை உற்றுப் பார்த்தார். கட்டைகளின் உள்ளே பித்தளைத் தகடுகள் இருக்கின்றன. செய்தித்தாளுக்குள் இருபத்து நான்கு பித்தளைத் தகடுகள் திரையில் எப்படித் தெரியும் என்பதை நான் யோசித்திருக்க வேண்டும்.

“என்னம்மா இது?”

“ஃப்யூஸுங்க.”

“எதுக்கு ஃப்யூஸு?”

“கரண்டு நிக்கிறதுக்குங்க.”

காவலர் என்னைப் பார்த்தார். நான் நிறுவனத்தின் கடிதத்தை எடுத்துக் காட்டினேன். லெட்டர்பேடு என்றால் எந்தக் காவலரும் ஒரு நிமிடம் நின்று படிப்பார். படித்தார், விட்டார். அட்டையை வாயிலில் காட்டினேன், கதவு விலகியது. ஸ்டெல்லா மேரி பயணச்சீட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். அசோக் நகருக்கு முப்பது ரூபாய். இறங்கும்போதும் அட்டை தகராறு செய்யவில்லை. ஏழாம் பிரிவு மூன்றாம் உட்பிரிவு சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

நிறுவனத்தில் கையெழுத்துக்குக் காத்திருந்தது இரண்டு மணி நேரம். கையெழுத்திட வேண்டிய பொறியாளர் சாப்பிடப் போயிருந்தார். சாப்பிட்டு வந்தபின் முத்திரை வைத்திருப்பவர் சாப்பிடப் போனார். எல்லா அலுவலகங்களும் ஒரே விதிப்படிதான் நடக்கின்றன என்பது எனக்கு ஒரு வகையில் ஆறுதல்.

மாலை 4.40. மாநகரப் பேருந்தில் அயனாவரம். அங்கே என் தம்பி வீடு. ஸ்டெல்லா மேரிக்குப் பக்கத்துப் பெரம்பூரில் நாத்தனார் வீடு. சாதாரணப் பேருந்து என்பதால் அவளுக்குக் கட்டணமில்லாச் சீட்டு. நான் அட்டையை நீட்டினேன். நடத்துநர் தன் கைக்கருவியில் அதை வைத்தார். கருவி யோசித்தது. இன்னொரு முறை வைத்தார். பீப் என்றது.

“இன்னா சார், கார்டு இவ்ளோ தடியா கீது?”

“லேமினேஷன்.”

“எதுக்கு, மழையில நனையுமா?” பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். “பரவால்ல சார். இன்னிக்கி முழுக்க எனக்கு வந்த மொதக் கார்டு நீதான். மத்தவன்லாம் போன எடுத்து நீட்றான். பாதி வழியில டவர் இல்லன்றான்.”

ஸ்டெல்லா மேரி தன் இலவசச் சீட்டை விரலில் சுருட்டிக்கொண்டு, “ஆம்பளையா பொறந்ததுக்குக் கார்டு சார் ஒங்களுக்கு” என்றாள்.

அன்று இரவு என் தம்பி மகள் அவளுடைய போனிலிருந்து என் அட்டைக்கு ஐந்நூறு ரூபாய் ஏற்றினாள். வரவு வைக்கப்பட்டது என்று குறுஞ்செய்தி வந்தது. “பெரியப்பா, ஸ்டேஷன்ல இருக்கிற மெஷின்ல ஒருவாட்டி அப்டேட் பண்ணிக்குங்க. இல்லன்னா கார்டுக்குள்ள ஏறாது” என்றாள். தெரியும் என்றேன். தெரியாது. குறுஞ்செய்தி வந்தால் காரியம் முடிந்தது என்று நினைத்தேன். கருவூலத்திலிருந்து ‘அனுப்பப்பட்டது’ என்று கடிதம் வந்தபின் பணம் வர ஆறு மாதமான கதைகளை எத்தனையோ பார்த்தவன், இதை நம்பினேன்.

மார்ச் 24, செவ்வாய், காலை 6.00. சென்னை சென்ட்ரலில் கிளம்பிய ரயில் பத்தே முக்காலுக்குப் பெங்களூர் போக வேண்டும். முந்நூற்று அறுபது கிலோமீட்டர் சொச்சம். காட்பாடி வரை சரியாகவே போனது. குப்பம் தாண்டி ஒரு மாந்தோப்பின் அருகே நின்றுவிட்டது. கால் மணி நேரம் என்பது அரை மணி ஆனது. எதிர் இருக்கைக்காரர் ஒருவர், முன்னால் ஒரு சரக்கு ரயில் நிற்கிறது என்றார். ஸ்டெல்லா மேரி பெட்டியின் மீது இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

“ஒரு மணிக்குள்ளன்னா ஒரு மணிக்குள்ளதானா சார்? ஒரு பத்து நிமிஷம் முன்னப்பின்ன?”

“ஒரு மணி என்றால் பன்னிரண்டு ஐம்பத்தொன்பது.”

இதைச் சொல்லியிருக்கக் கூடாது.  அதன்பிறகு நான் வாங்கிக் கொடுத்த காபியைக்கூட அவள் குடிக்கவில்லை.

11.35. பெங்களூர். ரயில் நிலையத்திலிருந்து மெஜஸ்டிக் மெட்ரோவுக்குச் சுரங்கப்பாதை. மறுபடியும் சோதனை இயந்திரம், மறுபடியும் பித்தளை, மறுபடியும் லெட்டர்பேடு. இங்கே காவலருக்குக் கன்னடம். நான் ஆங்கிலத்தில் விளக்கினேன். ஸ்டெல்லா மேரி ஒரு கட்டையைப் பிரித்து எடுத்து, கரண்டுக் கம்பத்தைக் கையால் வரைந்து காட்டினாள். அவருக்கு அவள் சொன்னதுதான் புரிந்தது. டோக்கன் வரிசையில் அவள் நின்ற பத்து நிமிடமும் நான் வாயிலின் ஓரமாக, கையில் அட்டையோடு, வரிசை இல்லாமல் நின்றிருந்தேன். அந்தப் பத்து நிமிடம் எனக்கு எவ்வளவு சுகமாக இருந்தது என்பதை ஒளிக்கப் போவதில்லை. அட்டையை வைத்தேன், கதவு திறந்தது. சென்னையில் வாங்கிய அட்டைக்குப் பெங்களூரில் கதவு திறந்தது. திரையில் ஏதோ ஓர் எண் வந்து போயிற்று. கண்ணாடி பையில் இருந்தது. பார்க்கவில்லை.

ரயிலில் எங்கும் இடமில்லை. ஸ்டெல்லா மேரி பெட்டியைக் கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு, கம்பியைப் பிடிக்காமல், இரண்டு முழங்காலாலும் அதை அணைத்துக்கொண்டு நின்றாள். ஒரு கல்லூரிப் பெண் எழுந்து எனக்கு இடம் கொடுத்தாள். கோப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். யஷ்வந்த்பூர் தாண்டியபோது மணி பன்னிரண்டு இருபது. இனிப் பயமில்லை என்று சொன்னேன். அவள் அன்று முதல்முறையாகச் சிரித்தாள்.

12.31. பீன்யா. டோக்கனைத் துளையில் போட்டு ஸ்டெல்லா மேரி வெளியே போனாள். பெட்டியை வாயிலுக்கு மேலாகத் தூக்கிக்கொண்டு போனாள். நான் அட்டையை வைத்தேன். சிவப்பு. மறுபடி வைத்தேன். சிவப்பு. பின்னால் நின்றவர் கன்னடத்தில் எதையோ சொன்னார். நல்லதாக இருக்காது.

பக்கத்திலேயே கண்ணாடி அறை. உள்ளே இருபத்தைந்து வயதுப் பெண், கழுத்தில் அடையாள அட்டை. கோலார் தங்கவயல் பக்கத்தவள், தமிழ் பேசினாள். அட்டையை வாங்கித் தன் கருவியில் வைத்துப் பார்த்தாள்.

“அங்கிள், கார்டுக்குள்ள இருவத்திரண்டு ரூபாதான் இருக்கு. உங்க சார்ஜ் ஐம்பது.”

“நேற்று இரவு ஐந்நூறு ஏற்றியிருக்கிறேன். குறுஞ்செய்தி இருக்கிறது.”

“அது அக்கவுண்ட்ல இருக்கு அங்கிள். சிப்புக்குள்ள வரல. கார்டை இந்த மெஷின்ல சொருகினா ஒரு நிமிஷம்.” அட்டையைக் கருவியின் துளைக்குள் தள்ளினாள். போகவில்லை. திருப்பித் தள்ளினாள். லேமினேஷன் ஓரம் இரண்டு பக்கமும் அரை விரல் அகலம் அதிகமாக இருந்தது. “இது என்ன அங்கிள், ஜாக்கெட் போட்ருக்கீங்க?”

“சரி, ஐம்பது ரூபாய் ரொக்கம் தருகிறேன்.”

“ரொக்கம் குடுத்தாலும் கார்டுல ஏத்தித்தான் உங்க என்ட்ரியை மூடணும். சொருகாம ஆகாது. கட் பண்ணிரவா?” கத்தரிக்கோலை எடுத்துவிட்டாள்.

இங்கேதான் நான் நடந்துகொண்ட விதத்தை எழுத வேண்டும். கையேட்டில் ஓரிடத்தில் அட்டையைச் சேதப்படுத்தினால் மீதித் தொகை திரும்பாது என்று இருந்தது என் நினைவுக்கு வந்தது. கத்தரிக்கோல் அந்த வகையில் வரும். எனவே சொன்னேன்: “உங்கள் அறிவுறுத்தலின் பேரில் வெட்டப்பட்டது என்று எழுத்து மூலமாகத் தந்தால் வெட்டலாம்.”

அவள் என்னையே பார்த்தாள். “எழுதிக் குடுக்கணுமா?”

“இரண்டு வரி போதும். பெயர், பதவி, நேரம்.”

“அங்கிள், அது என்னால ஆகாது. ஸ்டேஷன் மேனேஜர்தான் குடுக்கணும். அவர் நாகசந்திரா ஸ்டேஷன்ல இருக்கார்.”

“எப்போது வருவார்?”

“ரெண்டு மணிக்கு.”

“சரி, ஏழாம் பிரிவு மூன்றாம் உட்பிரிவின்படி இந்த வாயில் எனக்குத் திறந்திருக்க வேண்டும்” என்று ஆரம்பித்தேன். கையேட்டையும் பையிலிருந்து எடுத்தேன்.

வாயிலுக்கு அந்தப் பக்கம் ஸ்டெல்லா மேரி நின்றுகொண்டிருந்தாள். பெட்டி இடுப்பில். பேச்சு முழுவதையும் கேட்டிருக்கிறாள்.

“சார், மணி பன்னெண்டு நாப்பது. நீங்க இங்க சட்டம் பேசிக்கினு இருக்கீங்க.”

“இது கொள்கைப் பிரச்சினைம்மா. இன்றைக்கு எனக்கு, நாளைக்கு வேறு ஒருவருக்கு.”

“நாளைக்கு வேற ஒருத்தர் வரட்டும் சார். எனக்கு இன்னிக்கிதான் தேதி. நீங்க பேசி முடிச்சிட்டு மெதுவா வாங்க. நான் போறேன்.”

போய்விட்டாள். படியிறங்கும் அவள் முதுகு தெரிந்தது. அவள் கோபித்துக்கொண்டு போகவில்லை என்று அப்போது நினைத்தேன். பின்னால் அவளே சொன்னாள், கோபித்துத்தான் போனாளாம். நான் கையேட்டின் பக்கத்தைப் புரட்டினேன். புரட்டுவதற்காக அக்குளில் இடுக்கியிருந்த கோப்பை எடுத்துக் கண்ணாடி அறையின் பலகையில் வைத்தேன்.

கோப்பு.

மாதிரிகள் போய்விட்டன. முத்திரை வைத்த படிவம் என்னிடம். படிவம் இல்லாமல் பெட்டியை வாங்க மாட்டார்கள். நானே இருந்திருந்தாலும் வாங்கியிருக்க மாட்டேன். பட்டறையின் எட்டுப் பேர், சூளை, இரண்டு ஆண்டு ஆர்டர், எல்லாம் மஞ்சள் நிறக் கோப்பில் கயிறு கட்டி வாயிலின் தவறான பக்கத்தில் இருந்தன. மணி 12.43.

“வெட்டும்மா.”

“லெட்டர்?”

“ஒரு கடிதமும் வேண்டாம். வெட்டு.”

நான்கு பக்கமும் வெட்டினாள். மூலைகளில் பிளாஸ்டிக் ஒட்டிக்கொண்டிருந்தது, நகத்தால் உரித்தாள். மேலே ஒரு பக்கத் தோலை இழுத்ததும் முழுதாக வந்தது. அட்டை, வாங்கிய அன்று இருந்த மாதிரி, ஒல்லியாக, வெட்கப்படும்படி ஒல்லியாக இருந்தது. துளைக்குள் வழுக்கிக்கொண்டு போனது. திரையில் ஐந்நூற்று இருபத்திரண்டு என்று வந்தது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

“சரியா போச்சு அங்கிள். ஓடுங்க.”

நன்றி சொன்னேனா என்று நினைவில்லை. கதவு விலகியது. அறுபத்து நான்கு வயதில் நான் படியில் இரண்டிரண்டாக இறங்கியது அதுதான் கடைசி முறை என்று நினைக்கிறேன். கீழே ஆட்டோ. கூடத்தின் பெயரைச் சொன்னேன். “ஐவத்து ரூபா சார், பன்னி” என்றார் ஓட்டுநர். ஐம்பது என்பதும் வாருங்கள் என்பதும் எந்த மொழியிலும் புரியக்கூடியவை. ஒன்றரைக் கிலோமீட்டர். தொழிற்சாலை லாரிகளுக்கு நடுவே அவர் ஓட்டிய விதத்தை நான் எந்த விதிப்படியும் நியாயப்படுத்த மாட்டேன். அன்று மட்டும் கேட்கவில்லை.

12.54. பரிசோதனைக் கூடத்தின் வரவேற்புப் பகுதி. நுழையும்போதே ஒரு சத்தம் கேட்டது. கணீர். சிறிது இடைவெளி. மறுபடி கணீர்.

ஸ்டெல்லா மேரி மாதிரிகளைக் கவுண்டரின் மேல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு கட்டையையும் செய்தித்தாளிலிருந்து பிரித்து, ஓரத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்து, விரல் முட்டியால் தட்டி, காதருகே வைத்துக் கேட்டு, அதன்பிறகுதான் வரிசையில் வைக்கிறாள். பட்டறையில் பெட்டி கட்டும்போது அவர்கள் செய்வது அதுதான். உள்ளே விரிசல் இருந்தால் பீங்கான் மொத்தையாக ஒலிக்கும். நல்ல கட்டை மணி மாதிரி சொல்லும். ஆனால் பட்டறையில் ஒரு கட்டைக்கு இரண்டு விநாடி. இங்கே அரை நிமிடம் எடுத்துக்கொண்டாள். கவுண்டருக்குப் பின்னால் இருந்த வயதான எழுத்தர் கையில் பேனாவோடு, கடிகாரத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். “ஃபாரம் எல்லி?” என்று படிவம் எங்கே என அவர் கேட்பதும், “இருங்க சார், இது சரியா இருக்கான்னு பாத்துடறேன்” என்று அவள் தமிழில் சொல்வதும் கொஞ்ச நேரமாக நடந்துகொண்டிருக்க வேண்டும். பதினேழாவது கட்டையில் இருந்தாள்.

நான் கோப்பின் கயிற்றை முடிச்சு முடிச்சாக அவிழ்க்கத் தொடங்கினேன். அவளே பிடுங்கி அவிழ்த்தாள்.

எழுத்தர் படிவத்தை எடுத்தார். முத்திரையைப் பார்த்தார். கையெழுத்தைப் பார்த்தார். நகல்களை எண்ணினார். ஒவ்வொரு பக்கத்தையும் படித்தார். நான் அந்த இருக்கையில் இருந்தால் அப்படித்தான் படித்திருப்பேன், அதனால் அவரைக் குறை சொல்ல முடியாது. சுவர்க் கடிகாரத்தில் ஒரு மணிக்கு ஒரு நிமிடம் இருந்தபோது ரசீதில் முத்திரை விழுந்தது. பெட்டியை அவர் உள்ளே கொடுத்தனுப்பினார். அறிக்கை பதினைந்து வேலை நாட்களில் மின்னஞ்சலில் வரும் என்றார்.

வாசலுக்கு வந்ததும் ஸ்டெல்லா மேரி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். நானும் உட்கார்ந்தேன். 

“ஃபாரம் உங்க கிட்ட இருக்குதுன்னு படியெறங்குனதுமே தெரிஞ்சி போச்சி சார். மறுபடி படியேறி வந்தா நேரம் போயிடும்னு ஆட்டோல ஏறிட்டேன். அதுக்குள்ள நீங்க வந்துடுவீங்கன்னு நெனச்சேன்.”

“வராவிட்டால்?”

“இருவத்திநாலு கட்ட இருந்துச்சில்ல? தட்டிக்கிட்டே இருந்திருப்பேன்.” பிறகு சொன்னாள்: “வெட்டிட்டீங்களா?”

அட்டையைக் காட்டினேன். வாங்கிப் பார்த்தாள், முன்னும் பின்னும். “இப்பதான் கார்டு மாரி இருக்குது.”

அருகில் இருந்த கடையில் இட்லி வடை சாப்பிட்டோம். காலையிலிருந்து அவள் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. ஆறு இட்லி சாப்பிட்டாள். நான் எதையும் யோசிக்காமல் சாப்பிட்ட சாப்பாடுகள் குறைவு. அது அவற்றில் ஒன்று.

பெங்களூரில் அன்று இரவு அவளுடைய உறவினர் வீட்டில் தங்கினோம். அங்கே போகும் வழியில் மாநகரப் பேருந்தில் அவள் எனக்கு முன்னால் ஏறி, சென்னை வழக்கப்படி இலவசம் என்று நினைத்துச் சும்மா உட்கார்ந்தாள். இங்கேயும் பெண்களுக்கு இலவசம்தான், ஆனால் அந்த மாநில முகவரி இருக்க வேண்டும். நடத்துநர் அவளுடைய ஆதாரில் விருத்தாசலத்தைப் பார்த்துவிட்டு இருபது ரூபாய்ச் சீட்டைக் கிழித்தார். மெட்ரோ அட்டைக்கு மாநில எல்லை கிடையாது, பெண்களின் சீட்டுக்கு உண்டு. அவள் சீட்டை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். “இதுக்கு எந்தப் பிரிவு சார்?” நான் கையேட்டைப் பையின் அடிக்குத் தள்ளினேன்.

மார்ச் 25, புதன். காலையில் கிளம்பி ஓசூர், சேலம் வழியாக மாலை விருத்தாசலம் வந்து சேர்ந்தோம். சேலத்திலிருந்து ஊர் வரை தனியார் பேருந்து. நடத்துநரின் கையில் இயந்திரமும் இல்லை, அட்டை வைக்கும் கருவியும் இல்லை. காதில் செருகிய பென்சிலும், விரல்களுக்கிடையே நீளவாக்கில் மடித்த நோட்டுகளும்தான். சில்லறை இல்லை என்றதற்குச் சீட்டின் பின்னால் எழுதிக் கொடுத்தார். இறங்கும்போது தானே கூப்பிட்டுக் கொடுத்தார். பெங்களூரிலிருந்து பார்த்தால் இது பின்தங்கியது. ஆனால் பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குள் ஏறவில்லை என்று அவர் ஒருபோதும் சொல்ல மாட்டார். விருத்தாசலம் பாலக்கரையில் இறங்கினோம். ஸ்டெல்லா மேரி டவுன் பஸ்ஸில் ஏறினாள், தொழிற்பேட்டைக்கு. அவளுக்கு அங்கே சீட்டும் வேண்டாம், அட்டையும் வேண்டாம், ஆதாரும் வேண்டாம். நடத்துநர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் கையேட்டை முழுவதும் படித்தேன். அட்டையின் மீது எதையும் ஒட்டவோ, உறையிடவோ, சூடாக்கவோ கூடாது என்று பதினோராம் பக்கத்தில் இருந்தது. எழுத்து சிறிது, கண்ணாடி போட்டால் தெரியும். புகார்க் கடிதம் எழுத எடுத்த தாளை உள்ளே வைத்துவிட்டேன். என் மனைவி அதைப் பார்த்தாள்.

பதினைந்து வேலை நாட்களை நாள்காட்டியில் எண்ணினேன். சனி, ஞாயிறு, புனித வெள்ளி, ஒரு விடுமுறை இவற்றைக் கழித்தால் ஏப்ரல் 16. அன்று மாலை வரை எதுவும் வரவில்லை. ஸ்டெல்லா மேரி அந்த வாரம் தினமும் காலையில் எங்கள் வாசலில் நின்றாள். உள்ளே வர மாட்டாள். “ஒண்ணும் இல்லீங்களா சார்?” என்பாள், இல்லை என்பேன், சரி சார் என்று போய்விடுவாள். பட்டறையில் யாருக்கும் இன்னும் எதுவும் சொல்லவில்லை என்றாள். நிறுவனம் கேட்டது இருபதாம் தேதி, திங்கள். நடுவில் ஒரு வேலை நாள்தான். பதினாறாம் தேதி மாலை ஒரு நினைவூட்டல் எழுதினேன். ரசீது எண், மாதிரி கொடுத்த நாள், அதன்பின் கழிந்த வேலை நாட்கள், நிறுவனத்தின் கெடு, நான்கு வரி. முப்பத்து நான்கு ஆண்டுகளில் நான் எழுதிய நினைவூட்டல்களில் மிகவும் மரியாதையானது அது. அன்று நடு இரவில், ஒரு பதிலை எதிர்பார்த்து என் வாழ்நாளில் நான் இவ்வளவு தூக்கம் கெட்டதில்லை என்று மனைவியிடம் சொன்னேன்.

மறுநாள் மாலை நான்கு மணி சுமாருக்கு வாசலில் அவள் குரல். இந்த முறை உள்ளேயே வந்துவிட்டாள். போனை என் கையில் திணித்தாள்.

“சார், வந்துடுச்சி. இங்கிலீஷ்ல இருக்குது. நீங்க படிங்க.”

நான்கு பக்கம். முதல் பக்கத்திலேயே சொல்லியிருக்கலாம். கடைசிப் பக்கத்தில்தான் சொல்லியிருந்தார்கள். நான் வரி விடாமல் படித்தேன், அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்து நான்கு மாதிரிகளும் தாங்கின. அவள் நாற்காலியில் உட்கார்ந்து தலைப்பை முகத்தில் வைத்துக்கொண்டாள். பிறகு அந்தோணிசாமிக்குப் போன் போட்டாள், மணி அடித்ததும் என்னிடம் நீட்டினாள். நான் சொன்னேன்.  அந்தப் பக்கம் அவர் சத்தம் போட்டு ஆட்களைக் கூப்பிடுவது கேட்டது. எட்டுப் பேருக்கும் தெரிந்துவிட்டது போல.

ஐந்து மணிக்குள் அறிக்கையை நிறுவனத்துக்கு அனுப்பி, பெறப்பட்டது என்ற ஒப்புகையையும் வாங்கிவிட்டோம். என் மனைவி அவளுக்கு டீ போட்டுக் கொடுத்தாள். இந்த முறை குடித்தாள். அவள் போனபின், ரசீதையும் அறிக்கையின் அச்சையும் மஞ்சள் கோப்பில் வைத்து, கயிறு கட்டி, மேலட்டையில் எழுதினேன்: பதில் வந்த நாள், ஏப்ரல் 17, வெள்ளிக்கிழமை.